27,721

சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் மேசைக்கு மஞ்சுளாதான் பொறுப்பு. அவளோடு சேர்த்துப் பதினெட்டுப் பெண்கள். மூன்று நாளாகப் பகல் ஷிப்ட் முடியும்போது மூடிகளை எண்ணும் மிஷின் கவுண்டர் 27,721 என்றே காட்டியது. பத்துப் பத்தாகப் பெட்டியில் போட்டாலும், பன்னிரண்டாகப் போட்டாலும், பதினைந்தாகப் போட்டாலும் ஒரு மூடி மிஞ்சியது. பதினெட்டுப் பேருக்கும் சமமாகப் பிரித்துப் பார்த்தாள். அப்போதும் அந்த ஒன்று மிஞ்சியது.

பக்கத்து இருக்கை சத்யா செல்போனை நீட்டினாள். "ரெண்டுலேர்ந்து இருபது வரைக்கும் வகுத்துட்டேன்க்கா. பத்தொம்போதுக்கு மட்டும் மீதியே வரல. ஆளுக்கு ஆயிரத்து நானூத்தி அம்பத்தொம்போது."

"நாம பதினெட்டு பேருதானடி."

சத்யா மேசையைச் சுற்றித் தலைகளை எண்ணத் தொடங்கினாள்.

நான்காம் நாள் காலையிலேயே சூப்பர்வைசர் விமல் வந்து நின்றான். "கவுண்டர் கெட்டுப்போச்சா இன்னான்னு பாக்கணும். ஆளாளுக்கு எத்தினி மூடி போடுறீங்கன்னு எண்ணி, சீட்டுல எழுதி இந்த டப்பாவுல போடுங்க. கூட்டு சரியா வந்தாதான் வேன் கெளம்பும்."

சாயங்காலமும் கவுண்டரில் 27,721. வெளியே அவர்களை வீட்டுக்குக் கொண்டுபோகும் வில்லியனூர் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மஞ்சுளா ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படிக்க, விமல் கால்குலேட்டரில் கூட்டிக்கொண்டே வந்தான். எல்லாச் சீட்டிலும் 1,459. அவள் எழுதிப் போட்டதும் அதுதான்.

"இருபத்தேழாயிரத்து எழுநூத்தி இருபத்தொண்ணு. கரெக்டா இருக்கு, கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு விமல் போனான்.

யாரும் எழுந்திருக்கவில்லை. மஞ்சுளா சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி மேசைமேல் வைத்தாள். பதினெட்டு வைத்தாயிற்று. கையில் ஒன்று மிஞ்சியது.