விறகுக்குப் பின்னால் ஒரு கலயம்

"கொஞ்சம் கிட்ட வந்து பேசுங்க. எனக்குக் காது மந்தம்," என்றார் வள்ளியம்மை.

சாமிதுரை கிட்டப் போய், "வாங்க, பஸ்ஸுல உக்கார எடம் கெடைச்சுதா?" என்று கேட்டார். வள்ளியம்மை பதிலுக்கு மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார். "ம்ஹூம், ஒண்ணுமில்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே பாயில் உட்கார்ந்தார்.

மகனுக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் அப்பனை மோந்து பார்த்தது பட்டுக்கோட்டைப் பக்கம் இதுதான் முதல் தடவையாக இருக்கும். காது மந்தமாவது மண்ணாவது! வாசலில் ஆட்டோக்காரர் வாய்க்குள் முனகியதற்கு அந்தம்மா திருப்பிக் கொடுத்ததை, சாமிதுரையின் மனைவி மலர்க்கொடி அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இப்படியெல்லாம் நடக்கும் என்று மகள் சுடர்விழி நேற்றுச் சாயங்காலமே போனில் சொல்லியிருந்தாள். தஞ்சாவூரில் ஒரே லேபில் வேலை பார்க்கிற அவளுக்கும் வள்ளியம்மையின் மகன் அன்பரசனுக்கும் ரொம்ப நாள் பழக்கம்.

"அவங்கம்மா சரின்னாதாம்மா கல்யாணம். இதுக்கு முன்னால அவங்களா பாத்த மூணு வீட்டையும் வேணாம்னுட்டாங்க. நேரா கொல்லைக்குப் போவாங்களாம், மூக்கை உறிஞ்சுவாங்களாம், 'இது சரிப்படாது'ன்னு கெளம்பிருவாங்களாம்."

"குடிக்கிற வீடுன்னா ஆகாது போலருக்கு. நமக்கென்னடி பயம்? உங்கப்பா பீடிகூடக் குடிக்கிறதில்ல," என்றாள் மலர்க்கொடி, தெனாவட்டாக.

பயம் இன்று காலையில்தான் வந்தது. கொல்லையில் ஏழெட்டுப் பனை நிற்கிறது. பங்குனி பிறந்தால் சாமிதுரை ஏறிப் பாளை சீவிக் கலயம் கட்டுவார். மலர்க்கொடி பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதும் அவள் வேலை. தடவினால் பதநீர், தடவ மறந்தால் விடிவதற்குள் கள். நேற்று போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே தடவினாள். கேட்பானேன், சின்னக் கலயம் ஒன்று விட்டுப்போச்சு.

மரத்திலிருந்து இறக்கும்போதே நுரை தள்ளியது. வருஷா வருஷம் செய்கிற வேலையில் இப்படி ஒரு மறதி, அதுவும் இன்றைக்கென்று பார்த்து! "கொல்லையில கொட்டாத, மண்ணே நாறும்," என்றார் சாமிதுரை. விறகுக்குப் பின்னால் வைத்து, ஈரத்துணி போட்டு மூடினாள். வாய்க்காலில் கொண்டுபோய் ஊற்றுவதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே இப்படியா வந்து நிற்பார்கள்!

காலை பஸ்ஸில் வந்திறங்கிய சுடர்விழி காபி கொண்டுவந்து வைத்தாள். வள்ளியம்மை அவளைப் பார்த்ததைவிடக் கொல்லைக் கதவைப் பார்த்ததுதான் அதிகம்.

"பனையெல்லாம் உங்களோடதுதானா?"

"ஆமாங்க, சொந்தம்தான்," என்றார் சாமிதுரை.

"சீர்காழியில எங்க தெருவுல ஒண்ணு பாக்கியில்ல. எல்லாத்தையும் வெட்டிச் சூளைக்குப் போட்டுட்டானுவ, பாவிங்க." பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்தார். "கொல்லையப் பாக்கலாமா?"

"அம்மா, உக்காரும்மா," என்று பல்லைக் கடித்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்பரசன். அந்தம்மாவுக்கு இப்போது நிஜமாகவே காது கேட்கவில்லை.

கொல்லையில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மலர்க்கொடி ஓடிப்போய் ஒரு சொம்பு பதநீரை நீட்டினாள். வள்ளியம்மை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சுண்ணாம்பு தூக்கலா இருக்கே. எல்லாக் கலயத்துக்கும் தடவிருவீங்களோ?"

"ஒண்ணுவிடாம தடவிருவேங்க. எங்க வீட்டுல அந்தப் பேச்சுக்கே எடமில்ல."

வள்ளியம்மையின் முகம் சுருங்கியது. நம்பவில்லை போலிருக்கிறதே என்று மலர்க்கொடி அவசரமாக இன்னொரு சொம்பு மொண்டாள். அதற்குள் அந்த மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. அடுப்பைத் தாண்டி, கோழிக்கூண்டைத் தாண்டி, நேரே விறகுக்குப் பின்னால் போய் நின்றது. வள்ளியம்மை குனிந்து துணியை எடுத்தார்.

"அய்யோ, அது மறந்துபோச்சுங்க! எங்க வீட்டுல யாரும் விரலால்கூடத் தொட்டதில்ல. என் மறதிக்கு எம்பொண்ணை வேணாம்னு சொல்லிராதீங்க!" மலர்க்கொடி அழுதேவிட்டாள். கதவோரம் நின்ற சுடர்விழியின் கண்ணும் நிறைந்துவிட்டது.

வள்ளியம்மை திரும்பிப் பார்க்கவில்லை. "எல்லாரும் உள்ள போங்க. பொண்ணோட அம்மாகிட்ட நான் தனியாப் பேசணும்," என்றார். அன்பரசன் தலையில் அடித்துக்கொண்டே உள்ளே போனான். சாமிதுரை கடைசியாகப் போய்க் கதவைச் சாத்தினார்.

மலர்க்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். மகள் வாழ்க்கையை தடவாமல் விட்ட ஒரு விரல் சுண்ணாம்பு இப்படிக் கெடுத்துவிட்டதே என்று மனசு ஆறவில்லை. 

நிமிர்ந்து பார்த்தபோது கலயம் விறகின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

"கொட்டிட்டீங்களா?" என்று தரையைப் பார்த்தாள். தரை காய்ந்துதான் இருந்தது.

வள்ளியம்மை சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நிச்சயதார்த்தத்தன்னிக்கு ரெண்டு கலயத்துக்கு மறந்துருங்க, சம்பந்தி."