தட்டில் எதுவும் அசையவில்லை

ஷூவைக் கவிழ்த்தாள். வெள்ளைத் தட்டில் மணல் பொத்தென்று விழுந்தது.

தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள்.

"சாரோடதுதானா மேடம்? சொல்லிட்டீங்கன்னா ஆளுங்களைக் கரையேறச் சொல்லிடுவேன். பாதிப் பேருக்கு ஜலதோஷம். எல்லாருக்கும் சேர்த்து நான் தும்முறேன்," என்றார் ஏட்டு, மூக்கைத் துடைத்தபடி.

கணவனுடையதுதான். குதிகாலில் அவளே போட்ட தையல்.

மலை ஓடையில் வெள்ளம் வந்த அன்று அவன் எந்த ஷூவைப் போட்டுக்கொண்டு போனான் என்று அவளுக்குத் தெரியாது. செருப்பு ஸ்டாண்டைத் திறந்து பார்க்கவும் தைரியம் வரவில்லை. அன்று அவள் இங்கே, இதே ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். ஓடையின் அடிமணலில் பூச்சிகள் எப்படி நகர்கின்றன என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

வெள்ளம் வடிந்து இரண்டு வாரம். ஆள் கிடைக்கவில்லை. தேடுகிறவர்களோடு அவளும் தினமும் இறங்கினாள். பாதம் வெளுத்து வெடித்துவிட்டது. தூக்கம் என்று ஒன்று இருந்ததே மறந்து போயிற்று.

இன்று காலை, ஒரு கல்லுக்கு அடியில் இந்த ஒற்றை ஷூ.

குனிந்து பார்த்தாள்.

அடிமணல் சும்மா கிடக்காது. அதன் சந்துபொந்துகளில் ஒரு கூட்டம் ஊர்ந்துகொண்டே இருக்கும். தட்டையான பூச்சிகள், நூல் மாதிரி புழுக்கள். வெள்ளம் வந்தால் ஆழத்துக்கு இறங்கும். வடிந்தால் மேலே ஏறும். புதுசாக ஒரு பொந்து கண்ணில் பட்டால் போதும், அட்வான்ஸ்கூடக் கொடுக்காமல் குடியேறிவிடும். இரண்டு வாரத்தில் ஒரு ஷூ நெளிய வேண்டும்.

தட்டில் எதுவும் அசையவில்லை.

தையலைப் பிரித்தாள். ஷூவின் நாக்கைப் புரட்டினாள். பேருக்குக்கூட ஒரு புழு இல்லை. மணல்கூட ஓடை மணல் இல்லை, கரையில் காய்ந்து கிடக்கிற மணல்.

நேற்றுவரை இந்த ஷூ தண்ணீரையே பார்த்ததில்லை. யாரோ மணலை அடைத்து, கல்லை நகர்த்தி, வைத்திருக்கிறார்கள்.

அவனா?

உயிரோடு இருக்கிறான்! விட்டுவிட்டு ஓடியவனாகவே இருக்கட்டும். எங்கேயாவது மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஏட்டிடம் சொல்ல வாயைத் திறந்தாள்.

"முதல்ல இதைக் குடி."

காலையிலிருந்து கூடவே இருந்த மாமியார் டீயை நீட்டினாள். மகனுக்காக அழுததைவிட மருமகளின் காலுக்கு மருந்து போட்டதுதான் இந்த நாட்களில் அவளுக்கு அதிகம்.

டம்ளரைப் பிடித்திருந்த மாமியாரின் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. நகக்கண்களில் மணல்.

டம்ளர் கை மாறவில்லை. இருவரும் அதைப் பிடித்தபடியே நின்றார்கள்.

"இனிமே தண்ணியில இறங்காதடி," மாமியாரின் குரல் அவளுக்கு மட்டும் கேட்டது. "நீயாவது எனக்கு வேணும்."

சற்று முன் பிழைத்து வந்தவன் மறுபடி போய்விட்டான்.

"அவரோடதுதான் சார்," என்றாள். "ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

ஏட்டு பெருமூச்சு விட்டு, போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பூச்சிகளைப் பிரித்தெடுக்கிற மெல்லிய பிரஷ் மேஜையில் கிடந்தது. அத்தையின் கையைத் தட்டுத் தண்ணீரில் அமிழ்த்தி, ஏட்டு இந்தப் பக்கம் திரும்புவதற்குள், நகம் நகமாகத் துடைக்க ஆரம்பித்தாள்.