அடிக்கோட்டில் தொடங்கும் ஃபங்ஷன்

முகம் பார்த்துத் திறக்கும் கதவுப்பூட்டுகளுக்கு, மற்ற புரோகிராமர்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் லைப்ரரியை நாங்கள் எழுதுகிறோம். அதில் ஒவ்வொரு வேலையையும் செய்யும் கோட் துண்டுக்கு ஃபங்ஷன் என்று பெயர்; பெயர் அடிக்கோட்டில் (_) தொடங்கும் ஃபங்ஷன்கள் எங்கள் வீட்டு அடுப்படி. வெளியாள் நுழையக் கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் மாற்றுவோம் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். எவன் படிக்கிறான்?

போன மாதம் அதில் ஒன்றைத் தூக்கிவிட்டோம். அது முகம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்காது. மறுநாள் மாலை ஒருவர் போன் செய்தார்.

"சார், நீங்க தூக்கின ஃபங்ஷனை வெச்சு நான் எழுதின கோட்லதான் என் வீட்டுக் கதவு திறந்துட்டிருந்தது. பொண்ணு ஸ்கூல் விட்டு நாலு பத்துக்கு வருவா. இப்ப வெளியவே நிக்கிறா."

"எல்லாருக்கும் குடுத்திருக்கிற ஃபங்ஷனைப் போடுங்க. முகத்தோட உயிர் இருக்கான்னும் பார்த்துத் திறக்கும்."

"அவளுக்குத் திறக்காது சார். அவ போன வருஷமே போயிட்டா."

அவருக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டுவது கேட்டது.

"சாவி போட்டுத் திறங்களேன்."

"திறந்தா யாரும் இல்ல. மூடினா தட்டுறா. பழையபடி பண்ணிக் குடுங்க சார், உங்க கால்ல விழறேன்."

"உள்ள கை வெச்சது உங்க தப்பு" என்று போனை வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு பூட்டின் பதிவும் தினமும் எங்களுக்கு வரும். அவர் வீட்டிலிருந்து ஆறு நாள் ஒரே வரி வந்தது.

4:10. மகள். முகம் பொருந்தியது. உயிர் இல்லை. கதவு திறக்கவில்லை.

ஏழாம் நாள் அதன் கீழே இன்னொரு வரி இருந்தது.

4:10. அப்பா. முகம் பொருந்தியது. உயிர் இல்லை. கதவு திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை. புகார் தீர்ந்தது என்று குறித்துக்கொண்டேன்.