கத்துற பிரேக்

"எனக்குக் கத்துற பிரேக்தான் வேணும்" என்றார் பிராங்ளின்.

அருவங்காட்டில் ரவிக்குமாரின் ஒர்க்‌ஷாப். ரவிக்குமார் தன் பழைய ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். அவை ஆடுவதை நிறுத்தின.

"என்னங்க சொன்னீங்க?"

"பிரேக் போட்டா கீச்சுனு கத்தணும். கத்தறது எங்க ஊடு வரைக்கும் கேக்கணும்."

வாசலில் பிராங்ளினின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டே சீட்டு. அது முதல்முதலாக மலையேறி வந்த அன்று நாற்பது காட்டெருமைகள் வரிசையாக ஒதுங்கி வழிவிட்டதாக ஊரில் சொல்வார்கள். சும்மா. நான் எண்ணினேன், முப்பத்தெட்டுதான்.

"மேசை மேல பாருங்க" என்றது ஜீப்புக்கு அடியிலிருந்து குரல். "ஓட்டை போட்ட டிஸ்க் இருக்குதுங்களா? பார்வைக்கு சோக்கா இருக்கும். விட்ருங்க. மேட்டுப்பாளையம் இறங்கறப்ப சூடேறிச் சூடேறி ஓட்டை ஓரத்துல விரிசல் உடும். பக்கத்துல வழவழன்னு ஒண்ணு கிடக்குது பாருங்க, அதுதான் உங்களுக்கு."

"சரி. பிரேக் பேடு?"

"மூணு பெட்டி. கறுப்புப் பெட்டி ரேஸ் பேடு. அது சூடானாத்தான் பிடிக்கும். நம்மூரு மார்கழிக் காலையில அது சூடாகறதுக்குள்ள வண்டி மலைக்குக் கீழ பர்லியாறு போய்ச் சேர்ந்துரும். ரோட்டு வழியா இல்லீங்க, நேரா."

"ஐயோ, வேண்டாம்."

"நீலப் பெட்டி செராமிக். சத்தமே வராது. பூனை மாதிரி நிக்கும். அதை மாட்டிடறனுங்க."

"மூணாவது?"

"இரும்புத்தூள் கலந்தது. நல்லாப் பிடிக்கும், மலைக்குத் தாங்கும். ஆனா வாயாடி. வாயை அடைக்கப் பின்னாடி ஒரு தகடு வெப்போம்."

"பிடிக்கறதுல குறை இல்லையே?"

"துளியும் இல்லீங்க."

"அதையே போடுங்க. தகடு வேண்டாம்."

கால்கள் சலித்துக்கொண்டன. "ஏனுங்க, நாப்பது வயசாச்சு. கீச்சுனு போனா பொண்ணுங்க திரும்பிப் பார்க்கும்னு யாரு சொன்னா? பார்க்கும். திட்டறதுக்குப் பார்க்கும்."

"உங்க ஜீப் மட்டும் ஒழுங்கா? சைலன்சர்ல ஓட்டை விழுந்து எத்தனை மாசம்? நீங்க ஸ்டார்ட் பண்ணினா கேத்தித் தோட்டத்துல கேரட்டு தானா மண்ணைவிட்டு வெளிய வந்துருதாம்."

"அதுக்கு நேரம் கிடைக்கலீங்க. பேச்சை மாத்தாதீங்க. சத்தம் எதுக்கு?"

பிராங்ளின் சுற்றும்முற்றும் பார்த்தார். ஜீப்பருகே குந்தி உட்கார்ந்தார்.

"எங்கப்பா இருக்காரில்ல..."

"சுவிசேஷமுத்து ஐயாதானுங்களே? பேக்டரியில ஃபோர்மேனா இருந்தவரு."

"அம்மா போனதுலேர்ந்து அஞ்சு வருஷம் அவர் பேசினதெல்லாம் சுவரோடதான். இப்ப கொஞ்ச நாளா பாட்டுப் பாடிக்கிட்டே ஷேவ் பண்றார்."

"நல்லதுதானுங்களே."

"நான் வேலை முடிஞ்சு போறப்ப கேரம் போர்டு கூடத்துல இருக்கும். ரெண்டு டம்ளர்ல டீ. ரெண்டும் சூடா இருக்கும். கேட்டா, 'ரெண்டு பக்கமும் நானே ஆடறேன்டா'ங்கறார். பின்கதவுக் கொண்டி மட்டும் ஆடிக்கிட்டே இருக்கும்."

"யாருங்க வர்றது?" குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பார்க்கலை. பார்க்கவும் வேண்டாம். தேஞ்ச பிரேக்கு இத்தனை நாளா வளைவுலயே கத்துச்சு. கேட்டதும் அவங்க எழுந்து போக நேரம் இருந்துச்சு. நீங்க செராமிக் போட்டுட்டா, எங்க இறக்கத்துல வண்டி மூச்சுவிடாம வாசல்ல போய் நிக்கும். ரெண்டு பேரும் அகப்பட்டுக்குவாங்க. அன்னிக்கே ஆட்டம் நின்னுரும். அப்பா மறுபடி சுவரைப் பார்த்து உக்காந்துருவார்."

"ஹாரன் அடிக்கலாமுங்களே?"

"அடிச்சா, எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சுருமே!"

ஜீப்புக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"வர்றவங்க எங்கப்பாவுக்கு ஒரு கம்பளிக் குல்லா வேற பின்னிக் கொடுத்திருக்காங்க" என்று சிரித்தார் பிராங்ளின். "கிளிப்பச்சையில ஊதாக் கோடு. அந்த ரெண்டு நிறத்தையும் சேர்த்துப் பின்ற தைரியம் இந்த மலையில ஒருத்தருக்குத்தான் இருக்கும். அப்பா என்னடான்னா, கடையில வாங்கினேன்னு கூசாம பொய் சொல்றார்."

ரவிக்குமார் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து வந்தார். முழங்கால், தொப்பை, தாடி, கடைசியாகத் தலை.

தலையில் குல்லா. கிளிப்பச்சை. ஊதாக் கோடு.

பிராங்ளினின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்கம்மா பின்னுனதுங்க" என்றார் ரவிக்குமார், தரையைப் பார்த்தபடி.

ரவிக்குமார் எழுந்து மூன்றாவது பெட்டியைப் பிரித்தார். நான்கு தகடுகளையும் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

மத்தியானம் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. அது போட்ட கீச்சில், ரயில் வருகிறதென்று நினைத்து நாலு பேர் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள்.

பிராங்ளினுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பரம திருப்தி! அப்படியே உங்க சைலன்சர் ஓட்டையையும் இன்னிக்கு அடைச்சிருங்களேன்."

ரவிக்குமார் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அடைச்சுட்டா, வாராவாரம் செவ்வாய்க்கிழமை உங்கப்பா எங்கூட்டுப் பின்கதவு வழியா எப்பிடிங்க தப்பிச்சுப் போவாரு?"