நயினாதீவு ஞாபகம்

நயினாதீவு இறங்குதுறையில் எங்கள் கடைக்கு வந்த தென்பகுதி அக்கா, 'நயினாதீவு ஞாபகம்' என்று எழுதிய நகைப்பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அது கொழும்புப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்தது. தெரிந்தால் பின்னால் நிற்கிற யாத்திரிகர்கள் ஒருவரும் வாங்கமாட்டார்கள்.

"இது இங்க செஞ்சதா, தங்கச்சி?"

"ஓம் அக்கா."

"யாரு செஞ்சது?"

"எங்கட அம்மா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப உங்கட அம்மா நான்தான். இந்த எழுத்து ஒட்டுறது என்ட வேலை."

நான் பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க. எங்கட தொழிற்சாலைப் பிள்ளைகள் நயினாதீவுச் சாமான் கொண்டுவரச் சொன்னாங்க. வேற என்ன இருக்கு?"

"எல்லாமே உங்கட பக்கத்தில இருந்துதான் வாறது, அக்கா."

அவர் கையிலிருந்த பெட்டியை நீட்டினார்.

"அப்ப இதிலயே பத்துத் தாங்க. நயினாதீவில வாங்கினதுதானே."