எதையும் தொடாதீங்க!

“பிரியோனி, உடனே ஓடி வா! கம்ப்யூட்டர்ல என்னமோ சிவப்பு எழுத்துல மிரட்டுது. எதை அமுக்கினேன்னே தெரியலை!”

எதிர்வீட்டு டெல்மாதான். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

“எதையும் தொடாதீங்க. இதோ வரேன்.”

போனை வைத்துவிட்டுப் பல்லைக் கடித்தாள் பிரியோனி. நேற்று ராத்திரி பில்பரா சுரங்கத்திலிருந்து கூப்பிட்ட புருஷன் லாக்லன்கூடக் கொதித்தான்.

“கைக்குழந்தைக்காரியை இப்படி அலைய விடுறாளே, அந்தம்மாவுக்கு மனசாட்சி இருக்கா? கம்ப்யூட்டரைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லு!”

அவனுக்கென்ன. இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் வீடு. பிரசவத்துக்கு முன்வரை ஊராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கோளாறு பார்த்தவள் இவள்தானே? முடியாது என்று எப்படிச் சொல்ல?

உண்மையில் அவளுக்கு வாசற்படி தாண்டவே பயம். ஒருநாள் பிள்ளை ஆல்ஃபிக்குப் பால் புரையேறி முகம் நீலமாகிப் போனதிலிருந்து அப்படித்தான். அவன் தூங்கினால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மறுபடியும் பார்ப்பாள். ஜன்னல் திரையை விலக்குவதில்லை. “டீ குடிக்க வாயேன்” என்று டெல்மா முன்பெல்லாம் கூப்பிட்டபோது, “பிள்ளை தூங்குறான்” என்று கதவிடுக்கு வழியாகவே சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆனால் தனியாக இருக்கும் ஒரு மனுஷி ஏமாறப் போகிறாள் என்றால் சும்மா இருக்க முடியுமா?

பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

“குடு அந்தத் தடியனை” என்று வாசலிலேயே வாங்கிக்கொண்டாள் டெல்மா. “ஆப்பிள் கிரம்பிள் சூடா இருக்கு. தின்னுக்கிட்டே பாரு. என் கம்ப்யூட்டர் ஒண்ணும் ஓடிப் போயிடாது.”

“இப்பதானே உடனே ஓடி வான்னீங்க?”

“அது அப்போ.”

பிரியோனி திரையைப் பார்த்தாள். சுங்கச்சாவடிக் கட்டணம் பாக்கியாம். இன்றே கட்டாவிட்டால் ஓட்டுநர் உரிமம் ரத்தாம்.

“அனுப்பினவன் முகவரியைப் பாருங்க. ஏதோ பொம்மைக் கடை பேர்ல இருக்கு. அரசாங்கம் பொம்மைக் கடையில இருந்தா மெயில் போடும்?”

“அட, ஆமாம்ல!”

“அவசரம்னு சொல்லுவான். பயமுறுத்துவான். யோசிக்க விடாம ஓட வைப்பான். இந்த மூணும் இருந்தா மோசடிதான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“அவசரம், பயம், ஓட்டம்” என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள் டெல்மா. அவள் தோளில் ஆல்ஃபி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

“போன வாரம்தானே இதெல்லாம் நேரா ஸ்பாமுக்குப் போற மாதிரி பண்ணிக் குடுத்தேன்? இது எப்படி உங்க கண்ணுல பட்டுது?”

“அந்தக் குப்பைப் பெட்டிக்குள்ளதான் கிடந்துது.”

“அதுக்குள்ள எதுக்குப் போனீங்க?”

“சும்மா... ஏதாவது தேறுமான்னு.”

பிரியோனிக்குச் சுர்ரென்று ஏறியது. “டெல்மா! மேற்கு ஆஸ்திரேலியா முழுக்கத் தேடினாலும் ஒரு சுங்கச்சாவடி கிடையாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்க இந்த ஊர் ஸ்கூல் பஸ்ஸை...”

சட்டென்று நிறுத்தினாள்.

இந்த டொனிபுரூக் ஊரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஓட்டிப்போனவள் டெல்மா. பிரியோனியும் அந்த பஸ்ஸில் போனவள்தான். இந்தப் பக்கத்துச் சாலைகளில் அவளுக்குத் தெரியாத வளைவு கிடையாது. அவளுக்கா சுங்கம் கிடையாதென்று தெரியாது?

ஏதாவது பிள்ளை வரவில்லையென்றால் அந்த வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஹார்ன் அடிப்பாள். பிள்ளை வெளியே வரும்வரை நகரமாட்டாள்.

அவசரம். பயம். ஓட்டம்.

பிரியோனி நிமிர்ந்து பார்த்தாள். டெல்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிள்ளையின் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“என்னடி அப்படிப் பார்க்கிறே? கிரம்பிள் ஆறுது.”

பிரியோனி தட்டை வழித்துச் சாப்பிட்டாள். ரொம்ப நாளைக்கப்புறம் டீயைச் சூடாகக் குடித்தாள். அந்த நாற்காலியிலேயே கண் அசந்தாள். எழுந்தபோது மேலே ஒரு கம்பளி போர்த்தியிருந்தது. பிள்ளைக்கும் துணி மாற்றியிருந்தது.

அதற்கப்புறம் எதிர்வீட்டிலிருந்து போன் வரவில்லை. குட்டு உடைந்துவிட்டதென்று டெல்மாவுக்குக் கூச்சம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அடைமழை. ஆல்ஃபி வீறிட்டுக்கொண்டே இருந்தான். தூக்கி நடந்து பார்த்தாள், பாடிப் பார்த்தாள். அழுகை நிற்கவில்லை. அவனைத் தொட்டிலில் விட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

பிறகு போனை எடுத்தாள்.

“டெல்மா... என் கம்ப்யூட்டர்ல ஏதோ மெயில் வந்திருக்கு. எனக்கு ஒண்ணுமே புரியலை. பயமா இருக்கு.”

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. எதிர்வீட்டுக் கதவு திறக்கும் ஓசை போனிலேயே கேட்டது.

“எதையும் தொடாதே, கண்ணு. இதோ வரேன்.”