பிடித்து வைத்த பூட்டு

சாய்ந்த வெயில் சீனியரின் திரையில் ஜூனியர் பெண் எழுதிய இரண்டு வரித் திருத்தத்தின்மேல் விழுகிறது. சர்வர்கள் உறைந்து நின்று ஒன்பது நாளாகிறது. அவற்றை இயக்கும் மென்பொருளின் மையமான கர்னலுக்குள் இரண்டு வேலைகள் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு, அடுத்தவன் விடட்டும் என்று அசையாமல் நிற்கின்றன. ஒன்பது நாளும் மண்டையை உடைத்துக்கொண்டவர் இவர். சேர்ந்து மூன்றே மாதமான அவள் காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்: ஓரிடத்தில் பூட்டுகளை எடுக்கும் வரிசை தலைகீழ். அந்த இடத்தை இவரும் நாலாம் நாளே காகிதத்தில் வட்டமிட்டு, பிறகு இதுவல்ல என்று இவர் கையாலேயே கோடு போட்டு அடித்திருக்கிறார். காகிதம் இப்போது கீபோர்டுக்கு அடியில் போகிறது. "அண்ணா, நீங்க ஓகே குடுத்தா சர்வர்ல ஏத்திடலாம்," என்கிறாள் பக்கத்து மேஜையிலிருந்து. இவர் ஏழாவது முறை படிக்கிறார். குண்டூசி முனையளவுகூடக் குறை இல்லை. வயிறு எரிகிறது. ஓகே பொத்தான்மேல் சுட்டி நிற்கிறது, விரல் அழுத்தவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து மேனேஜர் எட்டிப் பார்க்கிறார். "என்னம்மா, இன்னும் எங்க நிக்குது?" அவள் கள்ளமில்லாமல் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "அண்ணாகிட்டதான் சார் நிக்குது."